ஒரு பொருள், இரு முகம்

(திருவாதவூரில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

திருவாதவூரில் மேடை ஏறிச் சொல்லைப் பற்றிப் பேசுவதற்கு ஒரு துணிச்சல் வேண்டும். இது மாணிக்கவாசகர் பிறந்த ஊர். கபிலரும் வாதவூர்க்காரர்தான் என்பது மரபு. ஒருவர் சொல்லால் இறைவனை உருக்கியவர். இன்னொருவர் சொல்லால் பாரியின் பறம்பு மலையை அழியாமல் நிறுத்தியவர். இருவருக்கும் சொந்தமான மண்ணில் நான் எந்தச் சொல்லை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறேன் தெரியுமா? திருவாசகச் சொல் இல்லை. சங்கச் சொல்லும் இல்லை. ஸ்டேஷனரிக் கடைச் சொல். 'டபுள் சைடு'.

சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் இந்தச் சொல் இல்லாமல் இன்று உங்களில் எத்தனை பேருக்குப் பொழுது போகிறது? டபுள் சைடு டேப். டபுள் சைடு பிரிண்ட். டபுள் சைடு ஜெராக்ஸ். இருபுறமும் போட்டுக்கொள்ளும் சட்டை வந்தால் அதுவும் டபுள் சைடு. ஆங்கிலேயன் 'டபுள்' என்று ஒரு சொல்லையும் 'சைடட்' என்று ஒரு சொல்லையும் எடுத்து, நடுவே ஒரு சிறு கோடு போட்டு இணைத்து, ஒரு பெயரடை செய்து வைத்தான். நாம் கடைசி எழுத்தை உதறிவிட்டு மீதியை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோம்.

அதற்காக நான் கோபப்பட வரவில்லை. கடைக்காரரிடம் போய் 'இருபுற ஒட்டுநாடா ஒன்று தருக' என்று கேட்டால் அவர் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார். அவருக்கு வேலை இருக்கிறது. நமக்கு டேப் வேண்டும். அங்கே வழக்கு வேண்டாம். என் கேள்வி வேறு. இரண்டு புறமும் பயன்படும் பொருள்கள் நமக்குப் புதியவையா? ஆங்கிலம் வந்த பிறகுதான் நாம் ஒரு பொருளைத் திருப்பிப் பார்த்தோமா? அப்படியானால் அதற்கு முன்பு தமிழன் அவற்றை என்ன சொல்லி அழைத்தான்?

ஒத்தக்கடையில் திரும்பித் திருமோகூர் வழியாக இங்கே வருகிறவர்கள் யானைமலையைப் பார்க்காமல் வர முடியாது. அந்த மலையின் அடியில் நரசிங்கப் பெருமாள் குடைவரை இருக்கிறது. கி.பி. 770இல் வெட்டிய கல்வெட்டு அங்கே உண்டு. வடமொழி கிரந்த எழுத்தில், தமிழ் வட்டெழுத்தில். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையனின் அமைச்சர் மாறன்காரி அந்தக் கற்றளியை எடுத்தார். குடமுழுக்குக்கு முன் அவர் காலமாகிவிட, தம்பி மாறன் எயினன் முகமண்டபம் கட்டி முடித்தார் என்று அது சொல்கிறது. அதே அரசன் காலத்தில், அந்த ஆண்டை ஒட்டியே, வேள்விக்குடிச் செப்பேடும் வெளியிடப்பட்டது. அந்தக் கொடைக்கு ஆணத்தியாக, அதாவது அரசாணையை நிறைவேற்றுபவராக, நின்றவரும் மாறன்காரிதான்.

ஒரே அரசன். ஒரே அமைச்சர். ஏறக்குறைய ஒரே ஆண்டு. ஆனால் எழுதிய பொருள் இரண்டு. பாறை ஒன்று, செப்பேடு ஒன்று. பாறைக்கு எத்தனை புறம்? ஒன்றே ஒன்று. மலையைத் திருப்ப முடியுமா? இங்கே உங்கள் ஓவாமலைக் குகையில் 2,000 ஆண்டுக்கு முந்தைய தமிழி எழுத்தை வெட்டியவனும் ஒரு புறத்தில்தான் வெட்டினான். செப்பேடு அப்படியா? வேள்விக்குடிச் சாசனம் 10 ஏடுகள் கொண்டது. இப்போது லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. செப்பேட்டு மரபு என்ன? உள்ளே இருக்கும் ஏடுகளில் இரண்டு புறமும் எழுதுவார்கள். முதல் ஏட்டின் வெளிப்புறத்தையும் கடைசி ஏட்டின் வெளிப்புறத்தையும் எழுதாமல் விடுவார்கள். ஏன்? வெளிப்புறம் தேயும். உரசும். எழுத்து போய்விட்டால் நிலமும் போய்விடும்! கொடை வாங்கியவன் பேரனுக்குப் பேரன் வழக்காடும்போது காட்ட வேண்டிய எழுத்து அது. ஆகவே புறம் இரண்டு இருந்தாலும், எதைப் பயன்படுத்துவது, எதைக் கவசமாக விடுவது என்று எண்ணிச் செய்தார்கள்.

செப்பேட்டுக்கு முந்தியது ஓலை. தில்லையில் வாதவூரர் சொல்லச் சொல்ல அம்பலவாணரே திருவாசகத்தை ஓலையில் எழுதிக்கொண்டார் என்பது நாம் எல்லோரும் கேட்டு வளர்ந்த கதை. அந்த ஓலையைச் சற்று அருகே வைத்துப் பாருங்கள்.

பனை ஓலையைப் பதமாக எடுத்து, வேகவைத்து, உலர்த்தி, மேற்புறத்தை வழவழப்பாகத் தேய்த்து, அளவாக நறுக்குவார்கள். துளையிட்டுக் கயிறு கோப்பார்கள். எழுத்தாணியால் எழுதுவது என்றால் மை தொட்டு எழுதுவது இல்லை, கீறுவது. கீறிய பிறகு கரியோ, மஞ்சளோ, இலைச்சாறோ தடவித் துடைத்தால் கீறலில் நிறம் தங்கி எழுத்து தெரியும். இதில் நுட்பம் எங்கே இருக்கிறது? கீறலின் ஆழத்தில். மிக ஆழமாகக் கீறினால் ஏடு கிழியும். மிக மேலாகக் கீறினால் எழுத்து நிற்காது. மேல்தோலைக் கீறி, உள்ளே இறங்காமல் கை நிற்க வேண்டும். அப்படி நின்றால்தான் ஏட்டைத் திருப்பி மறுபுறத்திலும் எழுதலாம்.

பழைய சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது என்று உங்கள் தமிழாசிரியர் சொல்லியிருப்பார். புள்ளி வைத்தால் எழுத்தாணி முனை ஓலையைத் துளைத்துவிடும். துளை விழுந்தால் ஏடு கெடும். மறுபுறத்து எழுத்தும் கெடும். உ.வே. சாமிநாதையர் போன்றோர் எகரமா ஏகாரமா, மெய்யா உயிர்மெய்யா என்று கண்ணைக் கசக்கிக்கொண்டு படித்ததற்கு இந்த ஓலையின் மென்மையும் ஒரு காரணம். ஏட்டுக்கு இரண்டு புறமும் வேண்டும் என்பதற்காக நம் எழுத்தே தன் புள்ளியை விட்டுக்கொடுத்தது என்றுகூட நான் சொல்வேன். அறிஞர்கள் சிலர் இதைச் சற்று மிகை என்பார்கள். இருக்கட்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். சுவடியில் எண் எதற்கு இடுவார்கள்? ஏட்டுக்கு. பக்கத்துக்கு இல்லை. ஏட்டின் ஒரு புறத்தில், ஓரத்தில், எண் இருக்கும். திருப்பினால் அதே ஏடு, அதே எண். பிற்காலத்தில் அச்சுப் புத்தகம் வந்தது. தாளின் ஒவ்வொரு புறத்துக்கும் தனித்தனி எண் விழுந்தது. அந்தப் புறத்துக்குப் 'பக்கம்' என்று பெயர் நிலைத்தது.

இங்கேதான் சிக்கல் ஆரம்பம். பக்கம் என்றால் சைடு. பக்கம் என்றால் பேஜ். இரண்டுக்கும் நம்மிடம் ஒரே சொல்.

மேலூர்ப் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எந்த ஜெராக்ஸ் கடையில் வேண்டுமானாலும் காலையில் ஒரு அரை மணி நேரம் நில்லுங்கள். ஒரு அம்மா வருவார். கையில் ஆதார் அட்டை. "தம்பி, ரெண்டு பக்கமும் ஜெராக்ஸ் போடுப்பா" என்பார். அவருக்கு என்ன வேண்டும்? அட்டையின் முன்புறமும் பின்புறமும் ஒரே தாளில், ஒரே முகத்தில், மேலும் கீழுமாக வர வேண்டும். தாலுகா ஆபீசில் அப்படித்தான் கேட்பார்கள். அடுத்து ஒரு கல்லூரி மாணவர் வருவார். கையில் 40 பக்க நோட்ஸ். "அண்ணே, ரெண்டு பக்கமும் போட்ருங்க" என்பார். அவருக்கு என்ன வேண்டும்? தாளின் இருபுறமும் அச்சு விழ வேண்டும். காசு குறைய வேண்டும். மூன்றாவதாக ஒருவர் வருவார். "தம்பி, ரெண்டு பக்கம் இருக்கு, எவ்வளவு?" அவர் சொல்வது இரண்டு பேஜ்.

மூவரும் ஏறக்குறைய ஒரே வாக்கியத்தைச் சொன்னார்கள். மூவருக்கும் வேண்டியது வேறு வேறு. கடைக்காரத் தம்பி ஒரு நொடிகூடத் தடுமாறுவதில்லை. ஆனால் தவறு நடந்துவிடக் கூடாதே என்பதற்காக அவர் தனக்கென ஒரு அகராதி வைத்திருக்கிறார். "பிரண்ட் அண்ட் பேக்கா? ஒரே பேப்பர்லயா?" என்று திருப்பிக் கேட்பார். ஆங்கில இலக்கணப் புத்தகம் சொல்லும் 'டபுள் சைடட்' அவருக்கு வேண்டாம். அவர் தன் தொழிலுக்கு வேண்டியதைத் தானே செய்துகொண்டார்.

சரி. தமிழில் இதற்குத் தீர்வே இல்லையா? இருக்கிறது. இரண்டெழுத்துத் தீர்வு. மாணவர்களே, இதை மட்டும் கவனமாகக் கேளுங்கள்.

'இரண்டு பக்கம் எழுது' என்றால் என்ன? இரண்டு பேஜ் எழுது. 'இரண்டு பக்கமும் எழுது' என்றால்? தாளைத் திருப்பி மறுபுறத்திலும் எழுது. வேறுபாடு எங்கே? 'உம்'. அந்த ஒரு 'உம்' வந்ததும், எண்ணிக்கை முடிந்துபோகிறது. இருப்பது இரண்டுதான், அந்த இரண்டும் வேண்டும் என்று பொருள் வந்துவிடுகிறது. இலக்கணத்தில் இதற்கு முற்றும்மை என்று பெயர். 'மூவேந்தரும் வந்தனர்' என்றால் நான்காவது வேந்தன் இல்லை. 'இரண்டு கண்ணும் சிவந்தது' என்றால் மூன்றாவது கண் இல்லை, சிவபெருமானைத் தவிர!

ஆதார் அட்டை அம்மாவும், நோட்ஸ் மாணவரும் 'உம்' போட்டார்கள். மூன்றாவது ஆள் போடவில்லை. கவனித்தீர்களா? அந்த அம்மா பள்ளிக்கூடம் போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். முற்றும்மை என்ற பெயர் அவருக்குத் தெரிய வேண்டியதில்லை. அவர் நாக்குக்குத் தெரிகிறது.

இனி டேப்புக்கு வருவோம். டபுள் சைடு டேப் என்றால் என்ன என்று தெரியாத ஒரு பாட்டியிடம் விளக்கச் சொன்னால் உங்கள் வீட்டுப் பிள்ளை என்ன சொல்லும்? "ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பு, பாட்டி." அவ்வளவுதான். முடிந்தது. இதில் என்ன நடந்தது? 'ஒட்டுற' என்று ஒரு பெயரெச்சம் வந்து உட்கார்ந்தது. அந்தப் பரப்பு என்ன வேலை செய்யும் என்று சொல்லிவிட்டது.

ஆங்கிலத்தின் 'டபுள் சைடட்' எதைச் சொல்கிறது? புறம் இரண்டு உண்டு என்கிறது. அந்தப் புறம் ஒட்டுமா, எழுதுமா, ஒலிக்குமா, உடுத்தலாமா, அதைச் சொல்வதில்லை. டேப்புக்கும் அதே சொல். அச்சுக்கும் அதே சொல். இசைத்தட்டுக்கும் அதே சொல். அது அந்த மொழியின் சிக்கனம். குறை சொல்ல மாட்டேன். ஒரு சொல்லில் பத்துக் காரியம் பார்ப்பதும் திறமைதான். ஆனால் தமிழ் பேசுகிறவன் மனம் அங்கே நிற்பதில்லை. 'ரெண்டு பக்கமும் ஒட்டுற டேப்பு', 'ரெண்டு பக்கமும் போடுற சட்டை', 'ரெண்டு பக்கமும் எழுதுற சிலேட்டு', 'ரெண்டு பக்கமும் அடிக்கிற மேளம்'. ஆங்கிலம் பரப்பை எண்ணுகிறது. தமிழ் பரப்பின் வேலையைச் சொல்கிறது. இன்று நான் உங்களிடம் சொல்ல வந்தது இதுதான்.

மேளம் என்றதும் இந்த ஊர்ப் பெரியவர்கள் நிமிர்ந்து உட்கார்கிறார்கள். நியாயம்தான். மதுரை வட்டாரத்தில் தவில் இல்லாமல் எந்தக் காரியம் நடக்கிறது?

பறைக்கு முகம் ஒன்று. கஞ்சிராவுக்கு முகம் ஒன்று. மிருதங்கத்துக்கு, தவிலுக்கு, உடுக்கைக்கு முகம் இரண்டு. சங்கப் பாடல்களில் இந்தத் தட்டும் பரப்புக்குக் 'கண்' என்று பெயர். முழவின் கண், பறையின் கண். பிற்காலத்தில் 'முகம்' என்றும் 'தலை' என்றும் சொன்னார்கள். ஒருமுக முழவு, இருமுக முழவு என்று பிரித்தார்கள். பாருங்கள், டபுள் சைடட் என்று கணினிக் காலத்தில் நாம் தேடும் அடைமொழி, தோற்கருவிக்காரர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. இருமுகம்.

ஆனால் அவர்கள் அதோடு நிற்கவில்லை. இரண்டு முகமும் ஒன்றா? தவிலைப் பாருங்கள். பலா மரத்தைக் குடைந்த உடல். வலப்புறத் தோல் அகலமானது, இறுக்கிக் கட்டியது. விரல்களில் கூடு மாட்டிக்கொண்டு அதை வாசிப்பார்கள். இடப்புறத் தோல் தளர்வானது. அதைக் கழியால் அடிப்பார்கள். ஒரு கையில் விரல், ஒரு கையில் குச்சி. ஒரே கருவி, இரண்டு தொழில். மிருதங்கத்திலும் அப்படியே. வலந்தலையில் கருஞ்சாந்து நிலையாக அப்பியிருக்கும். இடந்தலையில், அதாவது தொப்பியில், வாசிக்கும் முன் ரவையைக் குழைத்து அப்புவார்கள். கச்சேரி முடிந்ததும் சுரண்டி எடுத்துவிடுவார்கள். ஒன்று சுருதி தருவது. ஒன்று கனம் தருவது. வலந்தலை, இடந்தலை என்று ஒவ்வொரு முகத்துக்கும் தனிப் பெயர் வைத்தான் வாசிக்கிறவன். 'டபுள் சைடட் டிரம்' என்று சொல்லிவிட்டால் இது எதுவும் தெரியுமா?

இங்கே ஒரு வேடிக்கை. ஆங்கிலத்தில் ஒருவரை 'டூ ஃபேஸ்டு' என்றால் வசவு. இரண்டு முகம் உடையவன், அதாவது கபடன். நமக்கு முகத்தின் எண்ணிக்கையில் கூச்சம் கிடையாது. இரண்டு முகம் என்ன, ஆறு முகம் உடையவனைக் கும்பிடுகிறோம். பிள்ளைக்கு ஆறுமுகம் என்றே பெயர் வைக்கிறோம். ஐந்துமுக விளக்கை ஏற்றுகிறோம். கபடனைத் திட்ட நமக்கு வேறு சொல் இருக்கிறது: இரட்டை வேடம், இரட்டை நாக்கு. ஆகையால் முகம் என்ற சொல் நமக்குக் கறைபடாமல் கிடக்கிறது. தாராளமாக எடுத்துப் பயன்படுத்தலாம்.

'இரட்டை' என்ற சொல் வந்துவிட்டது. அதைச் சும்மா விடக் கூடாது. டபுள் என்றால் இரட்டை என்று அகராதியில் பார்த்தவுடன், மொழிபெயர்ப்பாளர் கை 'இரட்டைப் பக்க' என்று எழுதிவிடுகிறது. இரட்டைப் பக்க அச்சு. இரட்டைப் பக்க நாடா. எனக்கு அது காதில் உறுத்துகிறது. ஏன்? இரட்டை மாட்டு வண்டி என்றால் மாடு இரண்டு. இரட்டை ரயில் பாதை என்றால் பாதை இரண்டு. இரட்டை வாழைப்பழம் என்றால் பழம் இரண்டு ஒட்டிப் பிறந்தது. இரட்டை என்றதும் ஒரு ஜோடி கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே தாளுக்கு இரண்டு முகம் என்பது ஜோடி இல்லையே! அங்கே 'இரு' போதும். இருபுறம், இருமுகம், இருதலை. 'இரட்டை அர்த்த வசனம் என்கிறோமே, வசனம் ஒன்றுதானே' என்று பின்வரிசையில் யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. விதிவிலக்குகள் உண்டு. நான் காதைச் சொல்கிறேன்; சட்டத்தைச் சொல்லவில்லை.

'இருபுற அச்சு' என்று சொல்லும்போது தமிழ் என்ன செய்கிறது பாருங்கள். ஆங்கிலத்தில் 'சைடு' என்ற பெயரோடு ஒரு விகுதி சேர்ந்து 'சைடட்' ஆகிறது. தமிழில் 'புறம்' என்ற சொல்லின் இறுதி மகர ஒற்று விழுந்து 'புற' ஆகிறது. முகம், முக. பக்கம், பக்க. நன்னூல் வகுத்த மகர ஈற்றுப் புணர்ச்சிதான். அவர்கள் சேர்த்துப் பெயரடை செய்கிறார்கள். நாம் கழித்துச் செய்கிறோம். நடுவே கோடும் வேண்டாம்.

இந்தச் சொற்களைத் தவறான இடத்தில் போட்டால் என்ன ஆகும்? நாள்தோறும் பத்திரிகையில் பார்க்கிறீர்கள். 'இருமுனைக் கத்தி'. ஒரு சட்டம் நன்மையும் செய்யும், தீமையும் செய்யும் என்றால் உடனே 'இது ஒரு இருமுனைக் கத்தி' என்று தலையங்கம் வந்துவிடும். ஐயா, முனை என்றால் எது? கூர்நுனி. கத்திக்கு இரண்டு நுனி இருந்தால் அதை எங்கே பிடிப்பது? ஆங்கிலத்தில் சொன்னது நுனியை இல்லை, வெட்டும் ஓரத்தை. இரண்டு ஓரமும் வெட்டும் வாள் அது. அந்த ஓரத்துக்குத் தமிழில் பெயர் இல்லையா?

இருக்கிறது. 'கருக்கு'. பனைமட்டையைத் தொட்டவருக்குத் தெரியும். மட்டையின் இரண்டு ஓரத்திலும் ரம்பம் போல் பல் இருக்கும். எந்தப் பக்கம் பிடித்தாலும் கையைக் கிழிக்கும். தமிழ் விவிலியத்தை மொழிபெயர்த்தவர்கள் இருபுறமும் வெட்டும் வாளுக்கு இந்தச் சொல்லைத்தான் எடுத்தார்கள். எழுத்தாளர் பாமா 1992இல் தம் தன்வரலாற்று நாவலுக்கு வைத்த தலைப்பும் இதுவே: 'கருக்கு'. மரம் ஒன்று. அதன் ஓலைக்கு இரண்டு புறம், அதில் எழுத்து. அதன் மட்டைக்கு இரண்டு கருக்கு, அதில் ரத்தம். இப்படிப்பட்ட சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு இருமுனைக் கத்தி என்று எழுதலாமா?

இருமுனை என்ற சொல்லுக்கு இடமே இல்லையா என்றால், உண்டு. ஒரு நுனி சிவப்பு, மறு நுனி நீலம் என்று ஒரு பென்சில் வரும். அந்தக் காலத்து அலுவலகங்களில் மேசைக்கு மேசை கிடக்கும். அது அசல் இருமுனைப் பென்சில். முனை வேறு, புறம் வேறு, கருக்கு வேறு, முகம் வேறு. ஒன்றின் இருக்கையில் இன்னொன்றை உட்கார வைக்காதீர்கள்.

காசுக்கு வருகிறேன். சங்ககாலப் பாண்டியர் காசுகளில் 'பெருவழுதி' என்று தமிழி எழுத்தில் பெயர் பொறித்த காசு புகழ்பெற்றது. ஒரு புறம் குதிரை. மறுபுறம் மீன் சின்னம். வாதவூரார்களே, குதிரை என்றதும் உங்களுக்கு வேறு நினைவு வருமே! குதிரை வாங்கக் கொடுத்த பணத்தைத் திருப்பெருந்துறையில் கோயிலுக்குச் செலவிட்ட அமைச்சர் உங்கள் ஊர்க்காரர் அல்லவா? அந்தக் கதை இருக்கட்டும். காசின் இரு புறங்களுக்கு நம் பிள்ளைகள் என்ன பெயர் வைத்தார்கள்? 'பூவா, தலையா?' ஆங்கிலேயன் 'தலையா, வாலா' என்றான். நம் பிள்ளைகளுக்கு வால் வேண்டியிருக்கவில்லை. ஒரு புறம் தலை, மறுபுறம் பூ.

இசைத்தட்டு இன்னும் சுவையான கதை. 1902இல் கல்கத்தாவில் கௌஹர் ஜான் பாடிப் பதிவான காலத்தில் தட்டு ஒருபுறம்தான் பாடும். பின்புறம் பாட்டு இருக்காது. 1904இல் ஜெர்மனியின் ஓடியான் நிறுவனம் இருபுறமும் பாட்டு உள்ள தட்டைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. பிறகு எல்லோரும் அதற்கு மாறினார்கள். ஒரு புறத்தில் ஏறக்குறைய மூன்று நிமிடம். நாடக மேடையில் அரை மணி நேரம் விருத்தம் பாடிப் பழகியவர்கள் மூன்று நிமிடத்துக்குள் ஒடுங்க வேண்டியிருந்தது. ஒடுங்காத பாட்டை இரண்டாகப் பிளந்து, ஒருபுறம் முதல் பாகம், மறுபுறம் இரண்டாம் பாகம் என்று போட்டார்கள். முதல் பாகம் முடிந்ததும் ஊசியைத் தூக்கி, "தட்டைத் திருப்பிப் போடுப்பா" என்று ஒரு குரல் எழும். கிட்டப்பாவும் சுந்தராம்பாளும் பாடியதை அப்படித் திருப்பித் திருப்பித்தான் தமிழ்நாடு கேட்டது.

அதன் பிறகு கேசட் வந்தது. ஏ சைடு, பி சைடு. ஏ சைடில் ஒரு படம், பி சைடில் இன்னொரு படம். ஆனால் ஒரு உண்மை சொல்லட்டுமா? கேசட்டுக்குள் இருக்கும் நாடாவில் காந்தப் பூச்சு ஒருபுறம்தான் உண்டு. அகலத்தில் ஒரு பாதியில் ஏ சைடு. மறு பாதியில் பி சைடு. கேசட்டைத் திருப்பிப் போடும்போது நாடாவின் மறு பாதி வாசிக்கும் தலைக்கு நேராக வருகிறது. மறுபுறம் வருவதே இல்லை! பெயர் இரண்டு சைடு. உண்மையில் முகம் ஒன்று. சொல்லை நம்பிப் பொருளைப் பார்க்காமல் விட்டால் இப்படித்தான் ஏமாறுவோம்.

துணியிலும் இந்தச் சோதனை உண்டு, தாய்மார்களே. மதுரைச் சுங்குடிக்கு 2005இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சௌராஷ்டிரப் பெண்கள் துணியைக் கிள்ளி நூலால் முடிச்சுப் போட்டுச் சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் புகாது, அவிழ்த்தால் புள்ளி. சாயத்தில் முங்கிய துணி என்பதால் நிறம் இரண்டு புறமும் ஊறியிருக்கும். மேலே அச்சடித்த துணியில் பின்புறம் வெளிறிக் கிடக்கும். கடையில் சேலையை வாங்கும்போது முந்தானையை ஒரு முறை திருப்பிப் பாருங்கள். விற்கிறவர் எவ்வளவு பேசினாலும், திருப்பிய துணி பொய் சொல்லாது. பவானி ஜமக்காளத்தையும் அப்படித் திருப்பிப் பாருங்கள். இரண்டு புறமும் வண்ணம் ஒன்றே. எப்படி விரித்தாலும் பந்தி உட்காரும். மேலூர்ப் பக்கத்துக் கிரானைட் பலகையோ ஒரு முகம்தான் கண்ணாடியாகப் பளபளக்கும். மறு முகம் சிமெண்டைப் பிடிப்பதற்காகச் சொரசொரப்பாகவே இருக்கும். அதுவும் வேலைதான்.

இன்னொரு சின்னச் செய்தி. ஒருகாலத்தில் பத்திரிகைகளுக்குக் கதை அனுப்பும்போது 'தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதுக' என்று நிபந்தனை போடுவார்கள். காகிதம் கிடைக்காத நாளில் இது என்ன ஊதாரித்தனம் என்று தோன்றும். காரணம் அச்சுக்கோப்பவர்கள். கையெழுத்துப் படியைத் துண்டு துண்டாகப் பிரித்து ஆளுக்கு ஒரு துண்டு கொடுத்து எழுத்துக் கோக்கச் சொல்வார்கள். இருபுறமும் எழுதியிருந்தால் ஒரு துண்டு இரண்டு பேருக்கு எப்படிப் போகும்? பயன்படக்கூடிய புறம் என்பதைத் தாள் முடிவு செய்வதில்லை. வேலை முடிவு செய்கிறது. அதே தாள் தேர்வுக்கூடத்துக்குப் போனால் 'இருபுறமும் எழுதுக' ஆகிவிடுகிறது.

ஆகவே ஆசிரியப் பெருமக்களுக்கும், மொழிபெயர்ப்பில் இருப்பவர்களுக்கும், அரசு அறிவிப்பு எழுதுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். கடைவீதியில் டபுள் சைடு இருக்கட்டும். அது அங்கே பிழைத்துக்கொள்ளும். ஆனால் வினாத்தாளிலும், பாடநூலிலும், விண்ணப்பப் படிவத்திலும் 'இரட்டைப் பக்க' என்று எழுதாதீர்கள். 'இரண்டு பக்கம்' என்று விட்டுவிட்டு மாணவனைக் குழப்பாதீர்கள். எழுதும் தாளுக்கு 'இருபுறமும்' என்று எழுதுங்கள். கொட்டும் கருவிக்கு 'இருமுகம்' போடுங்கள். வெட்டும் ஆயுதத்துக்கு 'இருபுறமும் கருக்குடைய' என்று எழுதுங்கள். எதுவுமே பொருந்தாத புதிய பொருள் வந்தால், அது என்ன செய்கிறது என்று பெயரெச்சத்தில் சொல்லிவிடுங்கள். 'இருபுறமும் ஒட்டும் நாடா.' இதில் புரியாதது என்ன இருக்கிறது?

மாணவச் செல்வங்களே, உங்களுக்கு ஒரு வேலை வைத்துவிட்டுப் போகிறேன். இந்தச் சுற்று வட்டாரத்தில் தவில் கட்டுகிறவர் இருப்பார், பாய் நெய்கிறவர் இருப்பார், கல் தச்சர் இருப்பார், தையல்காரர் இருப்பார், கொல்லுப் பட்டறைக்காரர் இருப்பார். அவர்களிடம் போங்கள். அவர்கள் கையில் இருக்கும் பொருளைக் காட்டி, 'ஐயா, இந்தப் புறத்துக்கு உங்கள் தொழிலில் என்ன பெயர்? அந்தப் புறத்துக்கு என்ன பெயர்?' என்று கேளுங்கள். அவர்கள் சொல்வதை அவர்கள் சொன்னபடியே ஒரு நோட்டில் எழுதுங்கள். திருத்தாதீர்கள், செந்தமிழாக்காதீர்கள். எழுதியதை உங்கள் பள்ளி நூலகத்தில் கொடுத்து வையுங்கள். அந்தப் பெயர்களில் பல எந்த அகராதியிலும் இல்லை; அவற்றைச் சொல்லக்கூடியவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது. அடுத்த விடுமுறைக்குள் தொடங்கிவிடுங்கள்.